கோல் இல்லை என்ற ஆட்காட்டி

"யோவ் ரெஃப்ரி! கண்ணைக் கழட்டி வீட்டுல வச்சுட்டு வந்தியா?"

கத்தியது சிவனாண்டி என்னும் ஆட்காட்டிப் பறவை. திட்டு வாங்கியது வெள்ளைச்சாமி என்னும் கொக்கு. இடம், கோடையில் வற்றிப் போன ஒரு கண்மாய். ஆட்டம், பந்தாட்டம்.

கண்மாய்க்கு வடகரை, தென்கரை என்று இரண்டு கரைகள். தண்ணீர் நிறைந்திருக்கும் காலத்தில் இரண்டு கரை விலங்குகளுக்கும் ஒரு சண்டையும் கிடையாது. கோடை வந்தால் நடுவில் ஒரே ஒரு பள்ளத்தில் மட்டும் தண்ணீர் மிஞ்சும். அதில் யார் முதலில் இறங்குவது? முதலில் இறங்குகிற கரைக்குத் தெளிந்த தண்ணீர். அடுத்து இறங்குகிற கரைக்கு வெறும் சேறு. அதற்காக ஒரு காலத்தில் கடித்துக் குதறிக்கொண்டன. இப்போது பந்தாடித் தீர்த்துக்கொள்கின்றன. கடியும் குதறலும் முழுதாக நின்றுவிட்டது என்று சொல்ல முடியாது. குறைந்திருக்கிறது.

மொத்தம் மூன்று ஆட்டம். இரண்டில் ஜெயிக்கும் கரைக்கு மழை வரும்வரை முதல் முறை. ஆளுக்கு ஒன்று ஜெயித்து, மூன்றாவது ஆட்டம் சமமாக முடிந்தால், போன கோடையில் ஜெயித்த கரைக்கே மறுபடியும் முதல் முறை. போன கோடையில் ஜெயித்தது வடகரை.

பந்து, காய்ந்த குண்டுச் சுரைக்காய். கோல் என்பது மண்ணில் குத்திய இரண்டு எருக்கங்குச்சி. குச்சிக்கும் குச்சிக்கும் நடுவே வரிசையாகச் சரளைக்கல். பந்து கல்வரிசையைத் தாண்டினால் கோல். தென்கரை தெற்குக் கோலிலும் வடகரை வடக்குக் கோலிலும் பந்தைப் போட வேண்டும்.

நடுவரான கொக்கு ஆட்டம் முழுவதும் ஒற்றைக் காலில் நிற்கும். அது அப்படி நிற்கும்வரை அங்கே யாரும் யாரையும் வேட்டையாடக் கூடாது. இன்னொரு காலையும் ஊன்றினால் ஆட்டம் முடிந்தது. அதன் பிறகு அவரவர் உயிர் அவரவர் பொறுப்பு. அதனால் ஆட்டம் முடிந்ததும் கைதட்ட யாரும் நிற்பதில்லை.

சிவனாண்டி தென்கரைப் பறவை. அதற்குக் கால் நீளம், சிறகு நீளம், எல்லாவற்றையும்விட வாய் நீளம்.

முதல் ஆட்டத்தில் வடகரை ஒரு கோல் போட்டுவிட்டது. கடைசி நேரத்தில் தென்கரை முயல் பந்தைத் தட்டிக்கொண்டு, தெற்குக் கோலின் இடது குச்சிப் பக்கமாகப் பாய்ந்து வந்தது. பாறை உருண்டு வருவதுபோல் பின்னாலேயே துரத்தி வந்தது வடகரைக் காட்டுப்பன்றி கொம்பையா. இன்னும் ஒரே ஒரு தட்டுத்தான் பாக்கி.

"ஃபவுல்!" என்றது கொக்கு.

பன்றி புழுதி கிளம்பச் சறுக்கி நின்றது. முயல் திகைத்து நின்றது.

"யார்மேல ஃபவுல், ஐயா?"

"உன்மேலதான்."

"நான் யாரையும் தொடவே இல்லையே!"

"தொட்டாய். பந்தை வடகரைக்குக் கொடு."

அந்த நேரத்தில் கேட்டதுதான் கதையின் தொடக்கத்தில் நீங்கள் கேட்ட கூச்சல். கூச்சல் போட்டு என்ன பயன்? தென்கரை தோற்றது.

அன்று முதல் சிவனாண்டிக்கு வேறு பேச்சு இல்லை. புழு பொறுக்கும்போதும் அதே பேச்சு. தூக்கத்திலும் அதே பேச்சு.

"தொடலை! என் ரெண்டு கண்ணால பார்த்தேன். முயலுக்கும் பன்றிக்கும் நடுவில ஒரு எருமை படுத்துக்கலாம், அவ்வளவு இடம்! அதுக்கு ஃபவுலாம்! கொக்குக்கு வடகரையில மீன் போகுது, வேறென்ன?"

"கண்மாயே வத்திக் கிடக்கு. மீன் எங்கே இருக்கு, போகிறதுக்கு?" என்று கேட்டது அதன் மனைவி செம்பாயி.

"அதானே! எங்கேயிருந்து போகுதுன்னுதான் நானும் கேக்கறேன்!"

செம்பாயி அப்போது நான்கு முட்டைகளை அடைகாத்துக்கொண்டிருந்தது. ஆட்காட்டி மரத்தில் கூடு கட்டுவதில்லை. வெறுந்தரையில் லேசாகக் குழி பறித்து, சுற்றிலும் சரளைக்கல்லைப் பரப்பி, அதில் முட்டையிடும். முட்டையும் கல் மாதிரியே இருக்கும். மண் நிறம், மேலே கறுப்புத் திட்டுகள். பக்கத்தில் போய் நின்றாலும் முட்டை என்று தெரியாது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் குழி இருந்த இடம்தான் கொஞ்சம் கோளாறு.

தெற்குக் கோலின் இடது குச்சிக்கு இரண்டு சாண் பின்னால்!

செம்பாயி கிழக்கே ஆள் நடமாட்டமில்லாத பொட்டலில் இடம் பார்த்து வைத்திருந்தது. சிவனாண்டி ஒப்புக்கொள்ளவில்லை.

"இங்கேயிருந்தா கோல்கோடு கண்ணுக்கு நேரா தெரியும். இப்படி ஒரு இடம் யாருக்குக் கிடைக்கும்?"

"முட்டை போடறது நானா, நீங்களா?"

"போடறது நீதான். ஆட்டம் பார்க்கறது நானாச்சே!"

முட்டை போட்டபின் இடத்தை மாற்ற முடியாது. செம்பாயி பல்லைக் கடித்துக்கொண்டிருக்கும். பறவைக்குப் பல் இல்லாததால் சும்மா இருந்தது.

கோடை வெயில் என்றால் சாதாரண வெயிலா? நடுப்பகலில் தரையில் கிடக்கும் முட்டை வெந்தே போகும். அதனால் இரண்டும் மாறி மாறிப் பள்ளத்துக்குப் போய், வயிற்று இறகை நனைத்துக்கொண்டு ஓடி வந்து, முட்டைமேல் உட்கார்ந்து குளிர வைக்கும். அதற்குத் தெளிந்த தண்ணீர் வேண்டும். சேற்றைப் பூசினால் ஓடு மூச்சடைத்துக் குஞ்சு உள்ளேயே செத்துவிடும். இப்போதைக்குப் பள்ளத்தில் எல்லோருக்கும் போதுமான தண்ணீர் இருந்தது. மூன்றாவது ஆட்டம் முடிகிற நேரத்தில் இருக்காது.

"அதனாலதான் கத்தறேன், செம்பாயி! எல்லாம் நம்ம முட்டைக்காகத்தான். தென்கரை ஜெயிக்கணும். அந்த ஒத்தைக்கால் மட்டும் குறுக்கே நிக்காம இருந்தா..."

"அன்னைக்கு அந்தப் பன்றி வந்த வேகத்தைப் பார்த்து எனக்கு ஈரக்குலையே..."

"பன்றியை விடு! முயலைப் பத்திப் பேசு! தொட்டுச்சா, தொடலையா?"

செம்பாயி முட்டைகளைப் புரட்டி வைத்தது.

இரண்டாவது ஆட்டத்தில் தென்கரை ஜெயித்தது. ஒரு கோல். அதற்காகச் சிவனாண்டி மகிழ்ந்ததா என்றால், இல்லை. நடுவில் வடகரை உடும்பு ஒன்று திடீரென்று குப்புற விழுந்தது. வாலைப் பிடித்துக்கொண்டு உருண்டது. "ஐயோ, செத்தேன்!" என்று அலறியது. கொக்கு அதற்கு ஒரு பெனால்டி கொடுத்தது. பெனால்டியைக் கொம்பையா வானத்துக்கு உதைத்துவிட்டது. அது வேறு விஷயம்.

"நடிப்பு! நடிப்பு!" என்று சிவனாண்டி தொண்டை கிழியக் கத்தியது. வீட்டுக்கு வந்தபிறகும் கொதிப்பு அடங்கவில்லை. "யாரும் தொடாம ஒருத்தன் விழுந்தா அவனைக் கண்மாயைவிட்டே தள்ளி வைக்கணும். விழுந்து நடிக்கிறதைவிடக் கேவலமான பிழைப்பு உலகத்துல உண்டா?"

செம்பாயி நிதானமாகக் கேட்டது: "போன வருஷம் நாய் வந்தப்போ நீங்க ஒரு சிறகைத் தொங்கப் போட்டுக்கிட்டு, ஒடிஞ்ச மாதிரி இழுத்துக்கிட்டு ஓடினீங்களே, அது என்ன?"

உண்மைதான். முட்டை இருக்கும் பக்கம் எதிரி வந்தால் ஆட்காட்டிகள் அப்படித்தான் செய்யும். அடிபட்டதுபோல் துடித்து, எதிரியைத் தன் பின்னால் இழுத்துக்கொண்டு தூரமாக ஓடும். பிறகு பறந்துவிடும்.

"அது குடும்ப விஷயம்," என்றது சிவனாண்டி. "இது விளையாட்டு. ரெண்டையும் போட்டுக் குழப்பாதே!"

மூன்றாவது ஆட்டத்தன்று வெயில் தாழ்ந்ததும் கூட்டம் கூடிவிட்டது. முட்டைமேல் உட்கார்ந்திருந்தால் இடம் தெரிந்துவிடும். அதனால் செம்பாயி எழுந்து, ஒன்றும் தெரியாததுபோல் தூரத்தில் போய் நின்றது. சிவனாண்டி தன் வழக்கமான இடத்தில் நின்றது. அதன் பக்கத்தில் வழக்கம்போல் கீரி பூச்சியப்பன்.

பூச்சியப்பனும் தென்கரைதான். ஆட்டம் நடக்கும் நேரத்தில் இரண்டும் உயிர்த் தோழர்கள். தோளோடு தோள் உரசி நின்று கொக்கைத் திட்டும். கொக்கு இரண்டாவது காலை ஊன்றியதும் சிவனாண்டி பறந்துவிடும். பூச்சியப்பன் வருத்தத்தோடு அண்ணாந்து பார்க்கும். நட்பு என்றால் அப்படி ஒரு நட்பு.

"என்ன மச்சான், இந்த வருஷம் வீட்டுல முட்டை கிட்டை ஏதும் இல்லையா?" என்று கேட்டது பூச்சியப்பன்.

"எங்கே மாப்ளே! ஆட்டம் பார்க்கவே நேரம் போதலை."

"சும்மாதான் கேட்டேன். ஒத்தைக்கால் நேரத்துல யாரையும் தொடக்கூடாதுன்னு சட்டம். ஆனா பாரு, முட்டை 'யாரும்' கிடையாது. அது வெறும் சாப்பாடு. சரிதானே?"

"ஆட்டத்தைப் பாரு, மாப்ளே!" என்றது சிவனாண்டி. அதன் குரல் கொஞ்சம் கீச்சென்று வந்தது.

ஆட்டம் சூடாக நடந்தது. வடகரை ஒன்று போட்டது. தென்கரை ஒன்று போட்டது. ஒன்றுக்கு ஒன்று! இப்படியே முடிந்தால் பள்ளம் வடகரைக்குப் போய்விடும். தென்கரைக்கு இன்னும் ஒன்று வேண்டும். சூரியன் கரைமேல் இறங்கிவிட்டது. கொக்கின் காலில் லேசான நடுக்கம். எந்த நேரமும் இன்னொரு காலை ஊன்றிவிடும்.

முயல் ஓர் ஓட்டம் ஓடியது! பாருங்கள், அதுதான் ஓட்டம்! உடும்பைத் தாண்டியது. இன்னொரு உடும்பைத் தாண்டியது. தெற்குக் கோலை நோக்கி ஓங்கி ஓர் உதை விட்டது. பந்து இடது குச்சிப் பக்கமாக உருண்டது. கொம்பையா தன் முழு உடம்பையும் தூக்கி அதன்மேல் எறிந்தது. குச்சி பறந்தது. கற்கள் பறந்தன. புழுதி எழும்பி எல்லாவற்றையும் மூடிக்கொண்டது.

"கோல்!" என்று முதலில் கத்தியது சிவனாண்டி.

அதற்கு அணுவளவும் சந்தேகம் இல்லை. பந்து கல்வரிசையைத் தாண்டியதை அது கண்ணால் பார்த்தது. தாண்டிய பிறகுதான் பன்றி வந்து விழுந்தது. பிறந்த நாளிலிருந்து இவ்வளவு சுத்தமான கோலை அது பார்த்ததில்லை.

"கோல்! கோல்! கோல்!" தென்கரை முழுவதும் குதித்தது. பூச்சியப்பன் சிவனாண்டியைக் கட்டிப்பிடித்து, கொஞ்சம் இறுக்கியே பிடித்து, பிறகு நினைவு வந்து விட்டுவிட்டது.

புழுதி அடங்கியது.

குச்சிகள் இரண்டும் போன இடம் தெரியவில்லை. கல்வரிசை முழுவதும் சிதறிக் கிடந்தது. பந்து அசையாமல் கிடந்தது. பந்துக்குச் சற்றுப் பின்னால், சிதறாமல் மிஞ்சியிருந்தன கொஞ்சம் கற்கள்.

கொம்பையா உடம்பை உதறிக்கொண்டு எழுந்தது. "எங்கேய்யா கோல்? இதோ இருக்கு பாரு கோட்டுக் கல்லு! பந்து கல்லுக்கு முன்னாடி கிடக்கு. தாண்டவே இல்லை!" என்று தன் மூக்கை நீட்டிக் காட்டியது.

அதன் மூக்கு காட்டிய இடத்தைச் சிவனாண்டி பார்த்தது. அடுத்த 'கோல்' அதன் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

அவை கோட்டுக் கற்கள் அல்ல. பன்றியின் மூச்சுக்காற்று பட்டுக்கொண்டிருந்தது அதன் நான்கு முட்டைகள்மேல்.

"தாண்டிச்சு!" என்றது முயல்.

"தாண்டலை!" என்றது பன்றி.

எல்லோரும் கொக்கைப் பார்த்தார்கள். கொக்கு சொன்னது: "புழுதியில் எனக்குத் தெரியவில்லை. தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்ல மாட்டேன். வழக்கப்படி, இடத்துக்குப் பக்கத்தில் நின்றவரைக் கேட்கிறேன்."

அது அந்தக் கண்மாயின் பழைய வழக்கம். நடுவருக்குத் தெரியாததைப் பக்கத்தில் நின்றவர் சொல்லலாம். சொல்கிறவர் அந்த இடத்துக்குப் போய், கோட்டைக் காலால் தொட்டுக் காட்டிச் சொல்ல வேண்டும். அதன் பிறகு மறுபேச்சு கிடையாது. சொன்னவரும் அன்று முதல் அந்தத் தீர்ப்புக்கு ஒரு நடுவர்தான்.

"சிவனாண்டி, நீ வா," என்றது கொக்கு.

எத்தனை கோடையாக அது இந்த அழைப்புக்கு ஏங்கியிருக்கிறது! ஒரு தடவை என்னைக் கேட்டால், ஒரே ஒரு தடவை, நியாயம் என்றால் என்ன என்று காட்டிவிடுவேன் என்று எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறது!

"போ மச்சான்! உன் நாள்டா இது!" என்று பூச்சியப்பன் அதை முன்னால் தள்ளியது. தள்ளியதோடு நிற்காமல் தானும் இரண்டடி முன்னால் வந்தது.

சிவனாண்டி நடந்தது. கால் நீளமாக இருந்தும் நடை நீளவில்லை.

கோல் என்று சொன்னால் அது உண்மை. ஆனால் உடனே பன்றி கேட்கும்: "அப்போ இது என்ன கல்லு?" எல்லோரும் குனிந்து பார்ப்பார்கள். எல்லோருக்கும் முன்னால் பூச்சியப்பன் பார்க்கும். அது குனிந்தால் நிமிரும்போது வாயைத் துடைத்துக்கொண்டுதான் நிமிரும்.

கோல் இல்லை என்று சொன்னால் அது பொய். முதல் முறை வடகரைக்குப் போய்விடும். நாளை முதல் சேறு.

தூரத்தில் செம்பாயி நின்றது. அது கத்தவும் இல்லை, அசையவும் இல்லை. சிவனாண்டி கொக்கின் முகத்தைப் பார்த்தது. கொக்கு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

சிவனாண்டி ஒரு காலைத் தூக்கியது. மெதுவாக, மிக மெதுவாக, ஒரு முட்டையின்மேல் விரலை வைத்தது. முட்டை வெதுவெதுப்பாக இருந்தது.

"இதுதான் கோடு," என்றது.

"பந்து?"

"முன்னாடி கிடக்கு."

"அப்படியென்றால்?"

அலகு திறக்க மறுத்தது. நாளெல்லாம் மூடாத அலகு!

"கோல்... இல்லை."

வடகரை வெடித்துச் சிரித்தது. தென்கரை முழுவதும் சிவனாண்டி பக்கம் திரும்பியது. பிறகு பிடித்துக்கொண்டது.

"டேய்! நீதானே முதல்ல கோல்னு கத்தினே!"

"கண்ணைக் கழட்டி வீட்டுல வச்சுட்டு வந்தியா?"

"எவ்வளவு மீன் வாங்கினே?"

எல்லாம் சிவனாண்டி சொல்லிக் கொடுத்த வசவுகள். ஒன்றைக்கூட அவை மறக்கவில்லை.

கொக்கு அலகை உயர்த்தியது. "தீர்ப்பு முடிந்தது. கோட்டுக் கற்களை இனி மழை வரும்வரை யாரும் மிதிக்கவோ தொடவோ கூடாது. அவை சாட்சி."

"தொடலை ஐயா," என்றது பூச்சியப்பன். அதற்கு ஆற்றாமை தாங்கவில்லை. "எனக்கு மட்டும் மனசு கேக்கலை. மறுபேச்சும் பேசலை, தொடவும் இல்லை. சும்மா ஒருதரம் மோந்து பார்த்துக்கறேன்." மூக்கை நீட்டிக்கொண்டு கற்களை நோக்கி வந்தது.

இன்னும் நாலு எட்டு. மூன்று எட்டு.

"ஐயோ! என் சிறகு!"

சிவனாண்டி பொத்தென்று விழுந்தது. ஒரு சிறகு விரிந்து தரையில் இழுபட்டது. கால் கோணியது. கழுத்து ஒடிந்ததுபோல் தொங்கியது. "போச்சே! ஒடிஞ்சு போச்சே!" என்று கதறிக்கொண்டே, கீரியின் மூக்குக்கு நேராக, தத்தித் தத்தி ஆடுகளத்தின் நடுவே நகர்ந்தது.

கூட்டம் ஊளையிட்டது. "நடிப்பு! நடிப்பு! யாருமே தொடலை!"

அந்த உடும்புகூடச் சொன்னது: "கொஞ்சம் அதிகம்தான்."

யார் என்ன சொன்னால் என்ன? பூச்சியப்பனுக்குக் காது அடைத்துவிட்டது. எதிரில் கொழுத்த பறவை. சிறகு ஒடிந்த பறவை. வழக்கம் மறந்தது, ஒற்றைக்கால் மறந்தது, கோட்டுக்கல் மறந்தது, தோளோடு தோள் நின்ற நட்பு முதலிலேயே மறந்தது. ஒரே பாய்ச்சல்! பல்லுக்கு வாலிறகு ஒன்றுதான் கிடைத்தது. சிவனாண்டி ஜிவ்வென்று எழும்பிப் பறந்துவிட்டது.

பூச்சியப்பன் வாயில் இறகோடு நிமிர்ந்து பார்த்தது. கொக்கு இன்னும் ஒற்றைக் காலில்தான் நின்றுகொண்டிருந்தது.

"வெளியே!" என்றது கொக்கு. "ஒற்றைக்கால் நேரத்தில் வேட்டைக்குப் பாய்ந்தாய். மழை வரும்வரை கண்மாய்க்குள் கால் வைக்காதே."

"அது நடிச்சுது ஐயா! ஊரே பார்த்துச்சு!"

"அது நடித்தது. நீ நடிக்கவில்லை. வெளியே!"

பூச்சியப்பன் முணுமுணுத்துக்கொண்டே கரையேறி மறைந்தது. கொக்கு இரண்டாவது காலை ஊன்றியது. அடுத்த நொடியில் அங்கே ஒரு பிராணியும் இல்லை.

மறுநாள் காலையில் பள்ளத்தைச் சுற்றி இரண்டு கரையும் நின்றன. வழக்கப்படி முதலில் நடுவர் இறங்கிக் குடிக்கும். பிறகு வடகரை. பிறகு தென்கரை. சிவனாண்டி எல்லோருக்கும் பின்னால், வாலில் ஓர் இறகு குறைய, தலை குனிந்து நின்றது.

"சிவனாண்டி! என்ன அங்கே நிற்கிறாய்?" என்று கொக்கு கூப்பிட்டது. "நேற்றுத் தீர்ப்புச் சொன்னவன் நீ. நடுவர் முறையில் உனக்கும் பங்கு உண்டு. என்னோடு இறங்கு."

சிவனாண்டி இறங்கியது. தண்ணீர் கண்ணாடிபோல் இருந்தது.

"பாரு, பாரு!" என்றது முயல், கரையிலிருந்து. "வாங்கிட்டான்னு நான் சொன்னேனா இல்லையா? எல்லாருக்கும் முன்னாடி கூலி வாங்கறான் பாரு!"

பதில் சொல்ல வாய் துறுதுறுத்தது. ஆனால் என்னவென்று சொல்வது? முட்டை இருக்கிறது என்றா? சிவனாண்டி வயிற்று இறகை ஆழமாக நனைத்துக்கொண்டது.

"ஐயா," என்று கொக்கிடம் மட்டும் கேட்கும்படி சொன்னது. "அது கோல்தான்."

"தெரியும். முதலில் கத்தியது நீதானே."

"நான் விழுந்தது நடிப்பு."

"அதுவும் தெரியும். நன்றாக இல்லை. உடும்பு உன்னைவிட மேல்."

சிவனாண்டி இன்னொரு தடவை வயிற்றை நனைத்தது. பிறகு மெல்லக் கேட்டது: "அது கல்லு இல்லைங்கறது... உங்களுக்கு எப்போலேர்ந்து தெரியும்?"

"முதல் ஆட்டத்திலிருந்தே. உயரத்தில் நின்று பார்க்கிறவனுக்குக் கல்லுக்கும் முட்டைக்கும் வித்தியாசம் தெரியாதா? அன்றைக்கு முயல் இடது குச்சிப் பக்கம் ஓடி வந்தது. பின்னால் பன்றி வந்த வேகத்தைப் பார்த்தேன். முயல் கோல் போட்டிருக்கும். பன்றி நின்றிருக்காது. நேராக உன் நான்கு முட்டைமேல்தான் ஏறியிருக்கும். சட்டென்று எல்லோரையும் நிறுத்த எனக்கு ஒரே வார்த்தைதான் கிடைத்தது."

சிவனாண்டியின் அலகு தானாகத் திறந்துகொண்டது. "அந்த ஃபவுல்..."

"முயல் தொடவே இல்லை. நீ சொன்னதுதான் சரி. தப்பான தீர்ப்பு. தெரிந்தேதான் கொடுத்தேன். இத்தனை கோடையாக நீ திட்டிய திட்டுகளில் நியாயமான திட்டு அது ஒன்றுதான்." கொக்கு தன் அலகைத் தண்ணீரில் துடைத்துக்கொண்டது. "போ. வெயில் ஏறுகிறது. முட்டை காயும்."

தான் சொன்னதுதான் சரி! கொக்கே ஒப்புக்கொண்டுவிட்டது! கண்மாய் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிய வேண்டிய செய்தி. ஒருவரிடம்கூடச் சொல்ல முடியாது. சிவனாண்டிக்கு வந்த சோதனையைப் பாருங்கள்.

அது ஈர வயிற்றோடு முட்டைக்கு ஓடியது. வழியெல்லாம் வசவு விழுந்தது. வாங்கிக்கொண்டே ஓடியது. தினமும் நடுவர் முறையில் இறங்கியது. தினமும் வாங்கிக் கட்டிக்கொண்டது. கோட்டுக் கல்லின்மேல் செம்பாயி ஏன் மணிக்கணக்காக உட்கார்ந்திருக்கிறது என்று யாராவது கேட்டால், "எங்க வீட்டுக்காரர் கொடுத்த தீர்ப்பு, நான்தான் காவல் காக்கணும்," என்று செம்பாயி சொல்லிவிடும். கூட்டம் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும்.

ஒருநாள் விடியற்காலையில் கொம்பையா தண்ணீர் குடிக்க வந்தது. கோல் பக்கம் பார்த்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடியும் பார்த்தது.

கோல்கோடு எழுந்து நடந்துகொண்டிருந்தது!

செம்பாயி முன்னால் போனது. பின்னால் நான்கு குட்டிக் குஞ்சுகள், குச்சிக் கால்களில், வரிசையாக. கடைசியில் சிவனாண்டி, வாலில் ஓர் இறகு குறைந்தாலும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

"கோடு போகுதுடோய்!" என்று பன்றி அலறியது. இரண்டு கரையும் ஓடி வந்தன. முயல் குழியைப் பார்த்தது. ஓட்டுத் துண்டுகளைப் பார்த்தது. குஞ்சுகளைப் பார்த்தது. அதற்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"அப்போ அது கோட்டுக் கல்லு இல்லை! அப்போ என் பந்து தாண்டிடுச்சு! அப்போ அது கோல்! ஆட்டத்தைத் திருப்பி நடத்து!"

"அதெல்லாம் முடியாது!" என்றது பன்றி.

"ஏன் முடியாது?"

பதில் சொல்லப் பன்றி வாயைத் திறந்தபோது அதன் மூக்கில் ஒரு சொட்டு விழுந்தது. பிறகு இன்னொரு சொட்டு. மேற்கே கறுத்துக் கிடந்த வானம் இடித்துக்கொண்டு இறங்கியது. முயலும் பன்றியும் மழையில் நனைந்துகொண்டே கத்தின. முழங்கால் அளவு தண்ணீரில் நின்று கத்தின. கடைசியில் கரையேறி, ஆளுக்கொரு கரையில் நின்று கத்தின. கண்மாய் நிரம்பியது.

அடுத்த கோடையில் மறுபடியும் ஆட்டம் வந்தது. செம்பாயி இந்தத் தடவை கிழக்குப் பொட்டலில்தான் முட்டையிட்டது. சிவனாண்டி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆட்டம் தொடங்கிய சிறிது நேரத்திலேயே கொக்கு தென்கரைக்கு எதிராக ஒரு ஃபவுல் கொடுத்தது. தென்கரை கொதித்தது. எல்லோரும் சிவனாண்டியைத் திரும்பிப் பார்த்தார்கள். கத்துவதற்கு அதைவிட்டால் யார்?

சிவனாண்டி அலகைத் திறந்தது. கொக்கின் காலடியைப் பார்த்தது. மெதுவாக அலகை மூடிக்கொண்டது.

பிறகு தனக்கு மட்டும் கேட்கும்படி, "தொடலை," என்றது.

தீர்ப்புச் சொல்கிறவரைத் திட்ட வாயைத் திறப்பதற்கு முன், அவர் காலடியில் என்ன கிடக்கிறது என்று ஒருமுறை குனிந்து பார்த்துவிட வேண்டும்.